கடலடி எரிமலையும் நம் கரையும்

தென் அந்தமானின் கிழக்குக் கரைப் பாறைகளிடையே, தலையணைகளை அடுக்கினாற்போன்ற உருண்டைக் கற்கள் உள. கடலடி எரிமலை கக்கிய குழம்பு குளிர்நீர் பட்டதும் புறத்தே இறுகி, உள்ளே உருகியபடி பிதுங்குங்கால் இவ்வடிவம் பிறக்கும். எனவே, ஏறத்தாழ 9 கோடி ஆண்டு பழைமையுடைய இக்கற்கள் ஒருகாலத்து ஆழ்கடலின் அடித்தளமாய் இருந்தவை என்பது தெளிவு.

அவை கரையேறியது எங்ஙனம்? இந்தியப் புவித்தட்டு கிழக்குத் தட்டின்கீழ் அமிழ்கையில், கடற்றரையின் ஒரு பகுதி மேலே தள்ளப்பட்டது. அவ்வியக்கம் இன்றும் ஓய்ந்திலது. 2004 டிசெம்பர் 26இல் அத்தட்டெல்லையே சுமாத்திரா முதல் அந்தமான் வரை முறிந்தது. வட அந்தமானின் மேற்குக் கரைப் பவளப்பாறைகள் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்ந்தன. இரண்டு மணி நேரத்துள் பேரலை ஒலுவிலையும் கல்முனையையும் தாக்கிற்று. இலங்கையில் 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டமே பேரிழப்பு எய்தியது.

தாய்லாந்துக் கரையில் அன்று கடல் முதலில் உள்வாங்கிற்று. மேற்கே நம்மை நோக்கியோ அலையின் முகடே முந்தி வந்தது. ஆதலின், கடல் வற்றுவதைக் கண்டபின் ஓடலாம் என்றிருத்தல் பேதைமை. எச்சரிக்கை கேட்டவுடன் மேட்டுநிலம் சேர்தலே அறிவுடைமை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். நெய்தற்றிணை கற்பிக்கும் என்போன்ற தமிழாசிரியர் இரங்கலோடு அமைதல் போதாது. அந்நெய்தல் நிலத்தின் வரலாற்றையும் இயல்பையும் நல்ல தமிழிற் சொல்லிவைத்தல் நம் கடன். கரையில் வாழும் பிள்ளைக்கு அது உயிர்காக்கும் கல்வி.