உலையில் இடுமுன் ஒரு பிடி

ஆராதனை என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவன ஞாயிற்றுக்கிழமையும், ஆலய மணியோசையும், வெள்ளை அங்கி தரித்த குருவானவரும், சமீப காலமாக அவரையும் மிஞ்சி முழங்கும் ஒலிபெருக்கியுமே. ஆயினும் கிறிஸ்தவனுடைய ஆராதனை வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் காரியமன்று என்பதற்கு, வேதபண்டிதர்களைக் காட்டிலும் மிஸோராம் மலைநாட்டு இல்லத்தரசிகளே தகுந்த சாட்சிகளாக எனக்குத் தோன்றுகிறார்கள்.

1894-இல் முதல் மிஷனரிகள் வந்து தங்கிய அந்நாட்டில், 1910-ஐ ஒட்டித் தோன்றி இன்றளவும் நடந்துவருகிற வழக்கம் ஒன்றுண்டு. ஒவ்வொரு வேளையும் குடும்பத்துக்கென அளந்தெடுத்த அரிசியை உலையில் இடுமுன், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் திருச்சபைக்கென்று தனிக் கலத்தில் போட்டுவைப்பாள் அவ்வீட்டுப் பெண். சபையின் மாதர் வீடுவீடாகச் சென்று அதைச் சேகரிக்க, விற்றுவந்த பணம் சுவிசேஷ ஊழியத்துக்குச் செல்லும். வழக்கம் வேரூன்றுமுன்பே, 1911-12-இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகிப் பயிரைத் தின்றழித்த பெரும் பஞ்சம் வந்தது. அதற்கும் பிடியரிசி தப்பிப் பிழைத்தது. நம் பக்கத்துச் சபைகளுக்கும் இது புதிதன்று. காஞ்சிப் பெரியவரின் பிடியரிசித் திட்டத்தை அறிந்த ஹிந்து வாசகர்களுக்கும் விளக்கவேண்டியதில்லை.

மிஸோராமில் இவ்விதம் சேர்வது வருஷந்தோறும் கோடிக்கணக்கான ரூபாயாம். அக்கணக்கில் எனக்கு அத்தனை சிரத்தையில்லை. உண்டு மிஞ்சியதை அன்றி, உண்ணுமுன்பே எடுத்துவைக்கிறாள் என்பதும், அந்தப் பிடி தளர்ந்ததா இறுகியதா என்பதை அவளையும் ஆண்டவரையும் தவிர எவரும் அறியார் என்பதுமே என்னை ஈர்க்கின்றன. நாள்தோறும் செய்வது வெறும் கைப்பழக்கமாகிவிடாதோ என்று கேட்கலாம், ஆகும்தான். கீர்த்தனை பாடுவதும் அவ்வாறே நாப்பழக்கமாகிறது. அதற்காகப் பாட்டை எவரும் நிறுத்தச் சொல்வதில்லையே. மேலும், மனம் சோர்ந்த நாளில் பக்தியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பழக்கம்தான்.

பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி வேறு சிலரைக் காட்டுகிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியக் கடையை எப்போது திறக்கலாம், மரக்காலைக் குறைத்தும் கள்ளத் தராசு வைத்தும் எப்படி விற்கலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அத்தகையோரின் பாட்டையும் வீணையோசையையும் தேவன் கேட்க விரும்பவில்லை என்று அவர் உரைத்தார். மரக்கால் குறைந்தால் சங்கீதமும் செல்லாது என்ற இவ்வுபதேசம், வேலைக்காரியின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்து உருகிப் பாடும் நம்மில் சிலருக்கு இன்றும் கசக்கக்கூடும். அன்றைக்கும் அது கசந்தது; பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, இது அரசனுடைய ஆலயம், உன் பிழைப்பை யூதாவில் பார்த்துக்கொள் என்று சொல்லி அவரை விரட்டினான்.