படிக்கப் போனவர்கள் பழகக் கூடாதா?

“போன இடத்தில் படிப்பைத் தவிர வேறெதிலும் கண் போகக் கூடாது” என்பது அயல்நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் விமான நிலைய வாசல் வரை ஓதப்படும் உபதேசம். இடுக்கி ஏலமலையில் தமிழக எல்லையை ஒட்டிய ஆனைக்கரை போன்ற ஊர்களுக்கும் இன்று இது பழகிய வாசகம். கேரளத்திலிருந்து வெளிநாடு சென்ற மாணவர் தொகை 2018இல் ஏறத்தாழ 1.3 லட்சம், 2023இல் இரண்டரை லட்சம் என்கிறது கேரளப் புலம்பெயர்வு ஆய்வு. 2030க்குள் இந்திய மாணவர் 30,000 பேரை வரவேற்பது தம் இலக்கு என்று 2024 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தபின், முகவர்களின் விளம்பரப் பலகைகளில் ஈஃபிள் கோபுரத்துக்கும் இடம் கூடியிருக்கிறது.

உபதேசம் செய்வோர் கணக்குப் பார்ப்பவர்கள். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்கலாம். பிரான்சில் உயர்கல்விக்குப் பதிவு செய்யும் மாணவர், உதவித்தொகை பெறுவோர் போன்ற சில பிரிவினர் நீங்கலாக, ‘மாணவர், வளாக வாழ்க்கைப் பங்களிப்பு’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நூறு யூரோவை ஒட்டிய தொகையைச் செலுத்தியாக வேண்டும். 2018இல் வந்த ஏற்பாடு இது. விளையாட்டு, கலை, உடல்நலம், மாணவர் சங்கச் செயற்பாடுகள் ஆகியவற்றுக்கு அப்பணம் போகிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவர் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்கலாம். அயல்நாட்டவர் முன் அனுமதி பெற வேண்டும் என்றிருந்த தடையும் 1981இல் நீங்கியது. முறைப்படி வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கு லூவ்ர் முதலிய தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் கட்டணமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, வாங்கிய பண்டத்தைக் கடையிலேயே விட்டு வருவதற்குச் சிக்கனம் என்றா பெயர்?

பல்கலைக்கழக உணவகம் இன்னும் முக்கியமானது. அரசின் மாணவர் நல அமைப்பான குரூஸ் நடத்தும் உணவகங்களில் முழுச் சாப்பாட்டின் விலை 2025இல் 3.30 யூரோவாகவும், உதவித்தொகை பெறுவோருக்கும் நலிந்த நிலையில் உள்ளோருக்கும் ஒரு யூரோவாகவும் இருந்தது. வகுப்பில் பேராசிரியர் சொன்னதை மறுத்துப் பேசும் துணிவு பிறக்கும் இடம் அந்த மேசைதான். ஆய்வுத் தலைப்பு மாறுவதும், பயிற்சிப் பணி பற்றிய தகவல் வாய்வழி வருவதும், பாடநூல் தராத பிரெஞ்சு மொழி நாவில் ஏறுவதும் அங்கேதான். அறையில் தனியே சோறு வடித்து உண்பவர் மிச்சப்படுத்துவது என்ன என்பதை உபதேசகர்கள் சொல்லட்டும்.

கடன்சுமை பொய்யில்லை. ஏலக்காய் விலை சரியும் ஆண்டில் தவணை நெஞ்சை அடைக்கும். மாணவ விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரமே வேலை செய்யலாம். மாலைப்பொழுது முழுவதும் மிதிவண்டியில் உணவு சுமப்பவரிடம் “நண்பர்களோடு பழகு” என்பது குரூரம். ஆனால் அக்கடன் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கான ஆண்டுக் கட்டணம் 2019இல் 3,770 யூரோ ஆக்கப்பட்டது. அதை வசூலிக்காமல் விலக்களித்த பல்கலைக்கழகங்களும் பல. முகவர்களோ, அதைப்போல் பல மடங்கு கேட்கும் தனியார் வணிகப் பள்ளிகளையே முன்னே நீட்டுகிறார்கள். ஆங்கிலத்திலேயே பாடம், வகுப்பு நிறைய இந்தியர், அலுவலகக் கட்டடத்தின் ஒரு தளமே வளாகம் என்றிருக்கும் இடத்தில் பழகுவதற்கு யார் இருக்கிறார்கள்?

கணக்குக்கு அப்பாலும் ஒன்று உண்டு. அது அச்சம். மகனிடம் “சுற்றாதே” என்று ஒரு முறை சொல்லும் வீடு, மகளிடம் நாள்தோறும் காணொளி அழைப்பில் “யாரோடு இருக்கிறாய்?” என்று கேட்கிறது. சாதிக்கும் மதத்துக்கும் வெளியே ஒரு கை கோத்துவிடுமோ என்பதே அக்கேள்வியின் உட்பொருள். பாரிசின் புறநகர் அறைகளில் ‘நம்மவர்’ மட்டும் கூடுவதும், அக்கூட்டத்திலும் யார் எந்தக் குடும்பம் என்று நயமாக விசாரிப்பதும் இதன் நீட்சி. லா ஷாப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கட்டியெழுப்பிய கடைகளில் காய்கறி வாங்கும் மாணவர்களில், அக்கடைக்காரரின் கதையைக் கேட்டவர் எத்தனை பேர்?

இத்தனைக்கும் ஆனைக்கரைப் பிள்ளைகளுக்கு அயல்மொழியாரோடு பழகுவது புதிதாகக் கற்க வேண்டிய வித்தையாக இருந்திருக்கக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியும் முன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் தமிழ்ப் பெண்கள் அப்பகுதித் தோட்டங்களில் காய் எடுக்கிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் நிலம் அது. 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று சண்டையிட்ட தலைவர்களைவிட, கூலிக் கணக்கை இரு மொழியிலும் சரிபார்க்கும் அப்பெண்களுக்கு அயல்மொழியாரோடு வாழத் தெரியும். ஆனால் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை அவர்களுடைய பிள்ளையோடு பள்ளிக்கு வெளியே அமர்ந்து உண்டதுண்டா? அதைத் தடுத்த வீடுதான், லியோனில் தன் பிள்ளைக்கு நட்பு வாய்க்கவில்லை என்றும், வெள்ளையர் ஒதுக்குகிறார்கள் என்றும் வருந்துகிறது. நிறவெறி அங்கே உண்டு, மறுப்பதற்கில்லை. ஒதுக்குதல் என்றால் என்னவென்று அந்த வீட்டுக்கு முன்பே தெரியும் என்பதும் உண்மை.

அடுத்த செப்டம்பர் சேர்க்கைக்கு முகவர் முன் அமரும் பெற்றோர் கட்டணத்தோடு இன்னும் மூன்றைக் கேட்கட்டும்: அங்கே பிரெஞ்சு மாணவர் எத்தனை பேர்? பிரெஞ்சு மொழி வகுப்பு வாரம் எத்தனை மணி நேரம்? மாணவர் உணவகம் எவ்வளவு தூரம்?