ஒரு பிள்ளைக்கு ஒரு வாகனமா?

பெற்றோரே, கோபிக்க வேண்டாம். நம்மைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் உறைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை ஏழேகாலுக்குத் திருகோணமலை ரவுனுக்குள் ஏதாவதொரு பாடசாலை வாசலில் போய் நின்று பாருங்கள். எந்தப் பாடசாலை என்று சொல்லத் தேவையில்லை, எல்லாக் கேற்றும் ஒரே கோலம்தான். ஸ்கூட்டியில் அம்மா, பின்னால் ஒரு பிள்ளை. காரில் அப்பா, பின்சீற்றில் ஒரு பிள்ளையும் ஒரு புத்தகப் பையும். மூன்று பேர் இருக்கக்கூடிய ஓட்டோவிலும் ஒரு பிள்ளை. எல்லாருக்கும் கேற்றுக்கு நேரேதான் இறக்க வேண்டும். பத்தடி தள்ளி இறக்கினால் பிள்ளை கரைந்தா போய்விடும்? முன்னால் நிற்பவர் ஆறுதலாகத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கிறார், பின்னால் நிற்பவர் ஹோர்னில் இருந்து கையை எடுக்கிறாரில்லை. நடுவில் இரண்டு புள்ளிமான்கள் எந்த அவசரமும் இல்லாமல் வீதியைக் கடக்கின்றன. கடைசியில், நடந்து வந்த பிள்ளைதான் முதலில் உள்ளே போகிறது.

நம்முடைய ரவுன் எவ்வளவு பெரிது? ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் ஒடுங்கிய நிலம். நிலாவெளிப் பக்கமிருந்து வருபவரும், அநுராதபுரச் சந்திப் பக்கமிருந்து வருபவரும், கிண்ணியாப் பாலம் ஏறி வருபவரும் இதே நாலைந்து வீதிகளுக்குள்தான் நுழைய வேண்டும். ‘வீதியை அகலமாக்கச் சொல்லுங்கோ’ என்று மாநகரசபைக்கு முறைப்பாடு எழுதுகிறோம். எங்கே அகலமாக்குவது? கடலுக்குள்ளா? வீதியை நிறைப்பது வாகனம் மட்டுமல்ல, வாகனத்துக்குள் இருக்கும் வெற்று இடமும்தான். அந்த இடம் நம்முடையது, அதற்கு மாநகரசபை ஒன்றும் செய்ய முடியாது.

ஜகார்த்தா நகரத்தில் முக்கிய வீதிகளில் நெரிசல் நேரத்தில் காருக்குள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தனியாகப் போகிறவர்கள் ஆள் கணக்குக் காட்ட வீதியோரத்தில் கூலிக்கு ஆட்களை ஏற்றினார்கள்; கைக்குழந்தையோடு நின்ற தாய்மாருக்கு அதுவே பிழைப்பு. விதி கேலிக்கூத்தாகிவிட்டது என்று 2016இல் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு மாலை நேரத் தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது, அந்த விதி இல்லாத மற்ற வீதிகளிலும் நெரிசல் கூடியது. கேலிக்கூத்தாகப் பகிர்ந்ததற்கே அவ்வளவு பலன். நாம் கூலிக்கு ஆள் தேடத் தேவையில்லை, அடுத்த வீட்டு வாசலிலேயே அதே சீருடையில் ஒரு பிள்ளை நிற்கிறது.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட்டோமா? ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு இந்த ஊர் வரிசையில் நின்றது. பள்ளிக்கூடமும் கிழமைக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. அப்போது முகம் பார்த்துச் சிரிக்காத வீட்டாரும் ‘உங்கட பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போறன், நாளைக்கு நீங்க கொண்டுபோங்கோ’ என்றார்கள். யாருக்கும் அது குறைச்சலாகத் தெரியவில்லை. பெற்றோல் வந்தது, பழையபடி ஆளுக்கொரு வாகனம்.

பெற்றோல் விலை அல்ல நம்முடைய பிரச்சினை. ‘அந்த வீட்டுப் பிள்ளையோட எங்கட பிள்ளையா?’ என்பதுதான். சிலருக்குச் சாதி, சிலருக்குச் சமயம், சிலருக்கு ‘காரில் வந்து இறங்குகிற பிள்ளை’ என்ற பெயர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடமென்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளை எந்த ரியூசனுக்குப் போகிறது என்பதையே அடுத்த வீட்டுக்கு ஒளிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் போட்டி தெரியாது, நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

மற்றவர் வண்டியில் அனுப்பப் பயம் என்று சொன்னால் அது வேறு கதை. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், பாதுகாப்பு அங்கி இல்லை. ஆகவே பகிர்வது என்றால் அடைப்பது அல்ல. ஓட்டோவில் மூன்று பேர் என்றால் மூன்றே பேர், நாலாவது பிள்ளை சாரதியின் பக்கத்தில் தொங்கக்கூடாது. காரில் எத்தனை ஆசனப்பட்டி இருக்கிறதோ அத்தனை பிள்ளைதான். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு பிள்ளை, அதுவும் தலைக்கவசத்தோடு. இதற்கு மேல் ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஸ்கூட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? மூன்று வீடு சேர்ந்து, தெரிந்த ஒரு ஓட்டோக்காரரை மாதக் கணக்கில் பேசுங்கள். மூன்று ஸ்கூட்டி வரிசையிலிருந்து குறையும், மூன்று தாய்மாருக்குக் காலையில் தேத்தண்ணியை இருந்து குடிக்க நேரம் கிடைக்கும். கார் உள்ள வீடுகள் முறை வைத்துக்கொள்ளுங்கள்: திங்கள் நீங்கள், செவ்வாய் அவர்கள். காசு வாங்காதீர்கள். வாங்கினால் அது வாடகை ஓட்டம் ஆகிவிடும், நாளைக்கு ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரர் கேள்வி கேட்பார், அதைவிட ‘அவர் கூடக் கேட்டார்’ என்ற மனத்தாங்கல் வேறு. முறைக்கு முறை ஓடினால் கணக்குத் தானாகத் தீரும். பிந்தி வெளிக்கிடும் வீட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஒருநாள் விட்டுவிட்டுப் போனால் மறுநாள் ஆறேமுக்காலுக்கே வாசலில் நிற்பார்கள். சிசு செரிய பாடசாலை பஸ் வருகிற வழியில் வீடு இருந்தால் இது ஒன்றும் தேவையில்லை, பிள்ளைக்கு சீசன் எடுத்துக் கொடுங்கள்.

கொழும்பில் 2015இலேயே பிக்மீயும் ஊபரும் வந்துவிட்டன, பள்ளிக்கும் அப்படிச் செயலியில் வண்டி அழைத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். அதில் அழைத்த வண்டியிலும் பெரும்பாலும் ஒரு ஆள்தானே போகிறார்? தவிர, நம்மிடம் ஏற்கெனவே வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ‘கணக்குக் கொப்பியை ஒருக்காப் படம் பிடித்துப் போடுங்கோ’ என்று கேட்கக் கூச்சமில்லை. இன்றைக்கும் கேட்கத்தான் போகிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: ‘உவர்மலையில் இருந்து ஆறு ஐம்பதுக்கு வெளிக்கிடுறம், எங்கட வண்டியில் ரெண்டு பிள்ளைக்கு இடம் இருக்கு.’