காது குத்திய இடத்தில் சீழா? கம்மலைக் கழற்றும் முன் இதைப் படிங்க!

குழந்தைக்குக் காதணி விழா, கல்யாணம் நிச்சயமானதும் மூக்குத்தி, காலேஜ் போனதும் காதின் மேல்மடலில் இன்னொரு கம்மல்... குத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால், புண் முழுசாக ஆற, காதின் கீழ்ச்சதைக்கு 6 முதல் 8 வாரங்கள், மூக்குக்குச் சில மாதங்கள், மேல்மடலுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம்.

எது இயல்பு, எது தொற்று?

முதல் சில நாள்கள் லேசான வீக்கம், வலி, நிறமில்லாத நீர் கசிந்து பொருக்குத் தட்டுவது எல்லாம் இயல்புதான். பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். நாள் ஆக ஆக வலி கூடினால், அந்த இடம் சூடாக இருந்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால், தொற்றாக இருக்கலாம். வலியைவிட அரிப்பு அதிகமா? கவரிங் நகையில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

கழற்றலாமா?

சீழைப் பார்த்ததும் 'முதல்ல அதைக் கழற்றிப் போடு' என்பார்கள் வீட்டில். அவசரப்பட வேண்டாம். கழற்றினால் துளை தூர்ந்து, சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். வீக்கத்தில் கம்மலோ திருகோ சதைக்குள் புதைந்துவிட்டால், நீங்களே பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மஞ்சள், எண்ணெய் வேண்டாம்

மஞ்சள் பற்று, தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி... பாட்டி காலத்துப் பழக்கம்தான். ஆனால், ஆறாத புண்ணில் இவை அழுக்கைச் சேர்க்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் போன்றவை புதிதாக வளரும் சதையையும் பாதிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைனால் தினமும் இரண்டு வேளை துடைத்தால் போதும். அதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். 'ஒட்டிக்கும், திருகி விடு' என்பதையும் கேட்காதீர்கள். திருகும்போதெல்லாம் புண் மறுபடி கிழியும்.

மேல்மடல் என்றால் தாமதம் கூடாது

மேல்மடல் குருத்தெலும்பால் ஆனது. அதற்கென நேரடி ரத்த ஓட்டம் இல்லை. அங்கே தொற்று வந்தால் குருத்தெலும்பு அழிந்து, காது சுருங்கி உருவமே மாறிவிடலாம். மடல் சிவந்து, வீங்கி, தொட முடியாமல் வலித்தால் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் இதற்குக் கேட்காமல் போகலாம். மேல்மடலில் குத்தப்போகிறவர்கள் 'கன் ஷாட்' வேண்டாம், புது ஊசியால் குத்துங்கள் என்று கேளுங்கள்.

சதை வளர்கிறதா?

மூக்குத்தி ஓரத்தில் வரும் சின்னக் கட்டி பெரும்பாலும் உரசலால் வருவது; கை வைக்காமல் விட்டாலே அடங்கும். ஆறி சில மாதங்கள் கழித்து, துளையைத் தாண்டிப் பெரிதாகிக்கொண்டே போகும் தழும்பு கீலாய்டாக இருக்கலாம். நூல் கட்டுவது, சுடுவது எல்லாம் வேண்டாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு இருந்தால், குத்துவதற்கு முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.