வலிக்கும் வரை காத்திருப்பதா?

மண்டைக்காட்டு பகவதியம்மனுக்கு மண்டையப்பம் படைப்பது வழக்கம். எதற்காக? தலைவலி தீர வேண்டும் என்பதற்காக. வலி வந்தால் மனிதன் சும்மா இருப்பதில்லை. அம்மனிடம் ஓடுகிறான், டாக்டரிடமும் ஓடுகிறான்.

ஆனால் வலிக்காமலே வருகிற நோய் ஒன்று உண்டு. அதுதான் வாய்ப்புற்று!

கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைப் படை. அல்லது சிவப்புத் திட்டு. அல்லது ஒரு சிறு புண். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. "சுண்ணாம்பு பட்டிருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். வலி எடுக்கும்போது நோய் முற்றியிருக்கும்.

இது நம் வட்டாரத்துக்குப் புதிய நோய் அல்ல. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ளது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல் பல ஆண்டுகள் அங்கேதான் வைத்தியம் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஐ. எம். ஓர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி, 1933-ம் ஆண்டிலேயே 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

புகையிலை பொல்லாதது. புகையிலை சேர்க்காவிட்டாலும், பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று இன்று உறுதியாகிவிட்டது.

சரி, முன்கூட்டியே பார்த்தால் பலன் உண்டா? உண்டு! திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு சோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவ்வளவுதான்! 2005-ல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பெரிய யந்திரம் வேண்டாம். கண்ணும் வெளிச்சமும் போதும். அப்படியிருக்க நாம் ஏன் தாமதிக்க வேண்டும்?

மாசிக் கொடையின்போது மண்டைக்காட்டில் எத்தனை கூட்டம்! இருமுடி சுமந்து எத்தனை தாய்மார்கள்! அங்கே ஒரு பந்தல் போடுங்கள். பயிற்சி பெற்ற நர்சுகளை உட்கார வையுங்கள். கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு நிமிஷம் வாயைக் காட்டிவிட்டுப் போகட்டும். தாய்மார்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்பதையும் சொல்லி அனுப்பலாம்.

"டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால்?" என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர் சொல்வதால் நோய் வருவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் வளருகிறது.

வீட்டில் வெற்றிலைச் செல்லம் இருக்கிறதா? பாட்டியின் வாயை இன்றே பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், வலிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்!