கோதுமை விளையாத மலையில் கோதுமை ரொட்டி

நமது லயங்களில் காலையில் ரொட்டி. மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. சம்பளத்துக்கு முந்திய வாரம் என்றால் இரவிலும் ரொட்டிதான். அந்த ரொட்டிக்குரிய கோதுமை இலங்கையில் பயிராவதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, ஆலையில் மாவாக அரைபட்டு, லொறியில் மலையேறி, கடைக்காரரின் கொப்பியில் கடனாக எழுதப்பட்ட பிறகுதான் நமது அடுப்புக்கு வருகிறது.

அதே நேரம், லயத்துக்கு எதிரே தேயிலை செத்துப்போன மலைகளில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்து மூலமான பயிர்க்காணி என்ற கோரிக்கையையும் சங்கம் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்த மலையில் எது விளையும்?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் சுமார் 2 பாகை வெப்பம் குறைகிறது. கொழும்பில் சராசரி வெப்பம் 27 பாகைக்கு மேல். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் சுமார் 16 பாகை. அதனால்தான் ஒரே சிறிய தீவில் கீழே தென்னையும் மேலே லீக்ஸும் விளைகின்றன.

நெல்லுக்குச் சூடு வேண்டும். கதிர் வரும் காலத்தில் இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே போனால் பூ மலடாகி, மணி பிடிக்காமல் பதராகும். வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வயல் இருக்கிறது. நானுஓயாவிலோ கந்தப்பளையிலோ இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். கோதுமைக்கு நமது குளிர் பொருந்தும். ஆனால் கதிர் முற்றும்போது அதற்கு வரண்ட வெயில் வேண்டும். நமது மழையிலும் மூடுபனியிலும் அது பூஞ்சணம் பிடித்துப் போகும்.

ஆக, நாம் உண்ணும் இரண்டு முக்கிய தானியங்களும் நமது மலைக்கு உரியவை அல்ல. நமது மலைக்கு உரியவை வேறு. உருளைக்கிழங்குச் செடி, இரவு குளிர்ந்தால்தான் மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். சூட்டில் இலையாகவே வளர்ந்து ஏமாற்றும். கரட், பீட்ரூட், கோவா, நோக்கோல், லீக்ஸ் எல்லாம் 15 முதல் 20 பாகை வரையான குளிரை விரும்புபவை. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் பண்ணை போட்டு, தன் நாட்டு மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் தங்கள் மேசைக்காகப் பயிரிட்ட மரக்கறி, இன்று நாடு முழுவதும் போகிறது. அந்த மரக்கறி மூட்டைகளைச் சுமந்து லொறியில் ஏற்றுபவர்களில் நமது பிள்ளைகள் பலர். ஆனால் சொந்தமாகப் பயிரிடக் காணி உள்ளவர்கள் நம்மில் மிகக் குறைவு.

எல்லா மலையும் ஒன்றல்ல. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் உருளைக்கிழங்கும் கரட்டும் நன்றாக வரும். ஆனால் தை, மாசியில் விடியற்காலை உறைபனி விழுந்தால் கிழங்கு இலை கருகிவிடும். அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசி தொடங்கித் தென்மேற்கு மழை கொட்டும். அந்த மாதங்களில் கிழங்கு போட்டால் அழுகும். மழை ஓய்ந்த மாதங்களைப் பார்த்துப் போஞ்சியும் கோவாவும் போட வேண்டும். பந்தலில் ஏறும் சௌசௌவுக்கு ஈரமும் குளிரும் பிடிக்கும். கீழே கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கினால் மரவள்ளி, வாழை, பலா, மிளகு. இவை அட்டனுக்கு மேலே சரியாக வராது. ஆகவே கொழும்பில் இருந்து ஒரே பட்டியல் அனுப்பி எல்லாத் தோட்டத்திலும் நடச் சொல்வதில் பயனில்லை. எந்த மலையில் எந்த மாதம் மழை திரும்பும் என்பது அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ரொட்டி எப்படி வந்தது?

திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து வந்த நமது முன்னோர் சோறும் கேழ்வரகும் உண்டவர்கள். கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே அவர்களுக்கு அரிசி வெளியிலிருந்துதான் வந்தது. துரைமார் அரிசியை வாங்கிக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். தொழிலாளி தன் உணவைத் தானே விளைவித்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் பிடி தளரும். இது அன்றைய கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த வெற்றிடத்தில் பங்கீட்டுக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடு வெட்டப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. வயலுள்ள கிராமத்தவர்கள் அந்தக் காலத்தை ஒருவாறு தாண்டினார்கள். காணியற்ற நமது மக்கள் பலர் லயத்தை விட்டு வன்னிக்கும் கிழக்குக்கும் போனார்கள். மூத்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

2022ஆம் ஆண்டு அதே பாடம் மறுபடியும் வந்தது. பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கிக் கருங்கடல் துறைமுகங்களில் கோதுமைக் கப்பல்கள் நின்றன. மார்ச்சில் இந்தியாவில், பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து காணாத வெயில் அடித்தது. மணி பிடிக்கும் நேரத்தில் வந்த அந்தச் சூட்டில் பஞ்சாப், ஹரியானா கோதுமை சுருங்கியது. மே 13இல் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே டொலர் இல்லை, ரூபா விழுந்துவிட்டது. ஒரு கிலோ மாவின் விலை சில மாதங்களில் பல மடங்கானது. 2021இல் போராடிப் பெற்ற 1000 ரூபா நாட்சம்பளம் அந்த மா மூட்டையில் கரைந்து போனது. பஞ்சாபில் அடித்த வெயில் பொகவந்தலாவையில் ஒரு பிள்ளையின் தட்டில் இருந்த ரொட்டியைப் பாதியாக்கியது. காலநிலை மாற்றம் என்று வானொலியில் சொல்வது நமது வீட்டுக்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

ரொட்டி வயிற்றை நிரப்பும். ஆனால் அது மட்டும் பிள்ளையை வளர்க்காது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை. கரட்டும் கீரையும் போஞ்சியும் விளைகிற மலையில் இது நடக்கிறது.

எதிர்த்துச் சொல்வார்கள்

கம்பனிகள் சொல்லும்: தேயிலைக் காணியைத் துண்டு போட்டால் தொழில் அழியும் என்று. நாம் தேயிலை நிற்கும் மலையைக் கேட்கவில்லை. 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் தோட்டங்கள் கையளிக்கப்பட்ட பிறகு, மீள்நடுகை செய்யாமல் காடாக விட்ட மலைகள் எத்தனை என்று ஒவ்வொரு தோட்டத்திலும் எண்ணிப் பார்க்கலாம். காட்டுப்பன்றியும் குளவியும் குடியிருக்கும் அந்தக் காணியில் தொழில் ஏற்கெனவே அழிந்துவிட்டது.

நமது தோழர்கள் சிலர் அஞ்சுவது வேறு: "மரக்கறி விளைவிக்கிறீர்களே, பிறகு எதற்குச் சம்பள உயர்வு?" என்று கம்பனி கேட்காதா? கேட்கும். அதனால்தான் இது சங்கத்தின் வழியாக வர வேண்டும். காணி தனி, சம்பளம் தனி என்று எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்ற கோரிக்கையிலும் இது சேரக் கூடாது. வீடு கட்டி, தண்ணீர்த் தொட்டியும் மலசலகூடமும் வைத்த பிறகு 7 பேர்ச்சஸில் மிஞ்சுவது நான்கு பாத்தி.

மூன்றாவது எதிர்ப்பை நாம் மதிக்க வேண்டும். செங்குத்தான மலையைக் கொத்தி மரக்கறி போட்டால் மண் போய்விடும். தேயிலை வேர் மண்ணைப் பிடித்திருக்கும், கரட் பிடிக்காது. 2025 நவம்பரில் டித்வா புயல் நமது மலைகளைச் சரித்து எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நாம் மறக்க முடியாது. ஆகவே கிடைக்கிற மலையை எல்லாம் கொத்துவது என் யோசனை அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சரிவைப் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன காணியில் மட்டும், படிக்கட்டாகப் பாத்தி கட்டி, குறுக்கே கான் வெட்டிப் பயிரிட வேண்டும். கான் வெட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மலைகளின் கான்களை வெட்டியது நமது பாட்டன்மார்தான்.

ஒரே பயிரையும் நம்பக் கூடாது. 1869இல் இலையில் துரு விழுந்து சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்த ஏழைகளை இலை கருகும் நோய் பட்டினி போட்டது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதே நோய் நமது பக்கத்திலும் வரும். கிழங்கோடு போஞ்சியும் கீரையும் சேர்ந்து நிற்கட்டும்.

கேட்க வேண்டியவை

ஒன்று: தேயிலையற்ற காணி எவ்வளவு என்ற பட்டியலை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தயாரிக்க வேண்டும்.

இரண்டு: குடும்பத்துக்கு ஆகக் குறைந்தது 10 பேர்ச்சஸ் பயிர்க்காணி, எழுத்து மூலம், மனைவியின் பெயரும் சேர்த்து. இன்றும் பல தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் சிறு துண்டு காணியில் பயிரிடுகிறார்கள். ஆனால் எழுத்து இல்லாததால், நிர்வாகம் கேட்கும் நாளில் பயிரோடு விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தில் யாரும் பாத்தி கட்ட மாட்டார்கள், எருப் போட மாட்டார்கள்.

மூன்று: விவசாயத் திணைக்களத்தின் விதையும் ஆலோசனையும் தமிழில், தோட்டத்துக்கே வர வேண்டும். சீதாஎலியவில் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லயத்துக்குத் தூரம் அதிகமில்லை.

நான்கு: வேலை. நாளெல்லாம் கொழுந்துப் படங்கோடு நின்றுவிட்டு வரும் பெண்ணின் தலையில் இதையும் கட்டினால் அது இன்னொரு அரைப் பேர், சம்பளமில்லாமல். வீட்டு ஆண்களும் கொத்த வேண்டும்.

ஒரு சிறு கணக்கு: ஏக்கருக்கு 6 டன் உருளைக்கிழங்கு என்பது நமது நாட்டுக்குச் சாதாரண விளைச்சல். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். அப்படியானால் 5 பேர்ச்சஸில் ஒரு போகத்துக்கு 180 கிலோவுக்கு மேல். மீதி 5 பேர்ச்சஸில் மரக்கறி. இதனால் மா வாங்குவது நின்றுவிடாது. ஆனால் அடுத்த முறை எங்கோ போர் வந்து, எங்கோ வெயில் அடித்து மா விலை ஏறும்போது, வீட்டில் வேக வைக்க ஒன்று இருக்கும்.

தோழர்களே, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிசனில் எந்த மலை எத்தனை வருடமாக மானாவாகக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.