கண்ணாடித் தொட்டியில் எமது கடல்மீன்

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளை இன்னும் எதிர்பார்த்திருக்கும் தாய் ஒருவர் அண்மையில் எமக்குக் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய படம் அது. வீட்டு மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே பவளங்கள். நடுவில் வான்நீல நிற மீன் ஒன்று; கறுத்த முகம், வெள்ளைக் கழுத்து, மஞ்சள் முதுகுச் செட்டை. "உது எங்கடை கடல் மீனாம். நல்ல விலை குடுத்து வாங்கினவனாம். உதுக்கு அங்கை சுகமோ?" என்று அவர் கேட்டார்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வீடுவாசலை விட்டு வந்த ஒருவர் இப்படிக் கேட்கும்போது நாம் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இம்மீனை ஆங்கிலத்தில் சேர்ஜன் மீன் என்பார்கள். வாலடியின் இரு பக்கமும் சத்திரசிகிச்சைக் கத்தி போன்ற கூரிய முள் இருப்பதால் அப்பெயர் வந்தது. இவற்றில் பல இனங்கள் உண்டு. படத்தில் இருந்த நீல இனம் ஆபிரிக்காவின் கிழக்குக் கரை முதல் இந்தோனேசியா வரையுள்ள இந்து சமுத்திரப் பவளப்பாறைகளில் வாழ்வது. எமது தீவைச் சுற்றியுள்ள பாறைகளிலும் உண்டு. உயிரோடு பிடித்து, நீரும் ஒட்சிசனும் நிரப்பிய பைகளில் கட்டி, விமானத்தில் அனுப்பப்படும் அலங்கார மீன்களில் இதுவும் ஒன்று.

ஆடுமாடு வளர்த்த எமக்கு இம்மீனின் வாழ்க்கை எளிதில் விளங்கும். இது மேய்கின்ற மீன். விடிந்தது முதல் பொழுதுபடும் வரை பாறையில் படரும் பாசியைக் கொறித்துக்கொண்டே நீந்தித் திரியும். அந்த மேய்ச்சலால் பவளத்துக்கும் நன்மை உண்டு. 1998இல் கடல்நீர் அளவுமீறிச் சூடாகி, எமது தீவின் ஆழமற்ற பவளப்பாறைகள் பல வெளிறி மடிந்தன. மடிந்த பாறையைப் பாசி மூடிவிட்டால் இளம் பவளம் அதில் ஒட்டி வளர இடமிராது. பாசியை மேய்ந்து அந்த இடத்தைத் திறந்துவைப்பவை இத்தகைய மீன்களே.

இப்படித் திரிகின்ற உயிரை மூன்றடித் தொட்டியில் விட்டால் என்ன நடக்கும்? கட்டையில் கட்டி, நாளுக்கு ஒரு பிடி குழை போட்ட ஆட்டின் கதைதான். வயிறு ஒட்டிப்போகும். இருக்கின்ற சிறு இடத்தைக் காக்க மற்ற மீன்களோடு சண்டை பிடிக்கும். களைத்த உடலில் வெண்புள்ளி நோய் பற்றும். இந்த நீல இனம் அந்நோய்க்குப் பேர்போனது. அதற்குச் செப்பு கலந்த மருந்து உண்டு. ஆனால் பவளம் உள்ள தொட்டியில் அதை ஊற்ற முடியாது. ஊற்றினால் பவளமும் இறாலும் செத்துவிடும்.

ஆகவே எமது கருத்து இதுதான்: இடமும் பொறுமையும் இல்லாதவர்கள் இம்மீனை வாங்கக் கூடாது. வளர்த்தே தீருவோம் என்பவர்கள் ஆறு அடி நீளத்துக்குக் குறையாத, 500 லீற்றர் அளவு நீர் கொள்ளும் தொட்டி வைக்க வேண்டும். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் பெருகப் பல வாரங்கள் செல்லும். வாங்கிய மீனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேறு தொட்டியில் வைத்து நோய் பார்க்க வேண்டும். கடற்பாசித் தாளை நாளுக்குப் பல தடவை கொடுக்க வேண்டும்.

இன்னுமொரு வழியும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் இதன் உறவான மஞ்சள் இனத்தை 2015இல் ஆய்வாளர்கள் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். அப்படி வளர்த்த மீன்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்கினால் கடலிலிருந்து ஒரு மீனும் குறையாது. நீல இனமோ இன்னும் பெரும்பாலும் கடலில் பிடிபட்டே வருகிறது.

பிடிப்பவர்களை நாம் குறைகூறவில்லை. சுழியோடிப் பிழைப்பவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் வயலைத் தரிசு விட்டு எடுக்கும் அறிவு கடலுக்கும் பொருந்தும். ஹவாயின் மேற்குக் கரையில் 1999இன் இறுதியில் கரையோரத்தின் 35 வீதம் அளவில் அலங்கார மீன் பிடிப்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதிகளில் மஞ்சள் மீன் பெருகியது. எமது கரையிலும் எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதைச் சுழியோடிகளும் மீனவர் சங்கங்களும் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வியாபாரிக்கு அந்த முடிவை விட்டுவிடக் கூடாது.

அந்தத் தாய்க்கு இவற்றை விளக்கிச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "இருக்கிறதும் வாழுறதும் ஒண்டில்லைத்தானே. பெரிய இடமாய்க் குடுக்கச் சொல்லிச் சொல்லுறன். ஏலாதெண்டால் இனி வாங்க வேண்டாமெண்டும் சொல்லுறன்" என்றார்.

தறப்பாள் கொட்டிலில் நாட்களை எண்ணியவர்களுக்கு இந்த வேறுபாட்டை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. எம்மில் பலரின் பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கிறார்கள். அவர்களோடு பேசும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.